நம் பிரதிநிதி யாருக்குப் பிரதிநிதி?

2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மின்சாரச் சட்டத் திருத்த மசோதா லோக் சபையில் கொண்டுவரப்பட்ட சமயம், காவேரிப் பாசனப் பகுதியிலிருந்து ஒரு முதிய விவசாயி நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். மசோதா நிறைவேறினால் பம்பு செட்டுக்குக் கிடைத்துவரும் இலவச மின்சாரத்துக்கு மோசம் வந்துவிடும் என்ற பயம் அவரைப் பிடித்திருந்தது. அந்தப் பயம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பது இப்போது நமது விசாரணையன்று. "வக்கீல் ஐயா, இதை யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது? நான் வோட்டுப் போட்ட எம்.பி.யைப் பார்த்தேன். கட்சி என்ன முடிவு செய்கிறதோ அதுதான் தம்முடைய முடிவு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியானால் அவர் எனக்குப் பிரதிநிதியா, கட்சிக்குப் பிரதிநிதியா?" என்று அவர் கேட்டார். இருபது வருஷ காலம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்து பழகிய நமக்கு இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல நா எழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஏனெனில், அந்த எம்.பி. சொன்னது பொய்யன்று. சட்டமே அவரை அவ்வாறு சொல்ல வைத்திருக்கிறது. சபை நடவடிக்கைகளைப் பத்திரிகையில் படிக்கும் நம்மவர்கள் 'கொறடா' என்ற சொல்லை அடிக்கடி பார்த்திருப்பார்கள். கொறடா என்றால் சவுக்கு. ஆங்கிலேயர்கள் நரி வேட்டைக்குப் போகும்போது வேட்டை நாய்கள் கூட்டம் கலையாதபடி சவுக்கால் அடித்து ஒன்றுசேர்க்க ஓர் ஆளை வைத்திருப்பார்கள். அவனுடைய பெயரைத்தான் பார்லிமெண்டுக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெயர் வைத்தவர்களுக்கு மெம்பர்களைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்ததென்று நாம் விஸ்தரிக்க வேண்டுவதில்லை. ஆயினும் இங்கிலாந்திலே கொறடாவின் கட்டளையை மீறிய மெம்பர் கட்சியின் கோபத்துக்கு ஆளாவாரேயன்றி ஸ்தானத்தை இழப்பதில்லை. நம் தேசத்திலோ 1985-ம் வருஷத்து 52-வது அரசியல் சட்டத் திருத்தம் பத்தாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. கட்சியின் கட்டளைக்கு விரோதமாக வோட்டுக் கொடுத்தாலும் சரி, வோட்டுக் கொடுக்காமல் ஒதுங்கியிருந்தாலும் சரி, பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் மெம்பர் பதவி போய்விடும் என்பது அதன் சாரம்.

இந்தச் சட்டம் காரணமில்லாமல் வந்துவிடவில்லை. 1967-ம் வருஷத்துத் தேர்தலுக்குப் பின் ஹரியானாவில் ஒரே மெம்பர் பதினைந்து நாட்களுக்குள் மும்முறை கட்சி மாறிய வேடிக்கையைத் தேசம் முழுவதும் பார்த்துச் சிரித்தது, பிறகு அழுதது. சந்தையில் மாடு விலை போவது போல மெம்பர்கள் விலை போவதை நிறுத்த ஒரு கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் வியாதிக்குக் கொடுத்த மருந்து நோயாளியின் நாவையும் கட்டிவிட்டது. மந்திரி சபை நிற்குமா விழுமா என்ற நம்பிக்கைத் தீர்மானத்தில் மட்டும் கட்சிக் கட்டளை செல்லலாம். நாய்க்கடி மசோதாவிலும் நதிநீர் மசோதாவிலும் அதே சவுக்கு எதற்கு? 1990-ல் தினேஷ் கோஸ்வாமி கமிட்டியும் 1999-ல் சட்டக் கமிஷனும் இந்தச் சவுக்கின் எல்லையைக் குறைக்க வேண்டுமென்று யோசனை கூறின. கேட்பார் இல்லை. ஆளுங்கட்சிக்கும் வேண்டாம், எதிர்க்கட்சிக்கும் வேண்டாம். தலைவர்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்தாலும் சவுக்கு சௌகரியமாகவே இருக்கிறது.

நம் மாகாணத்திலேயே நேர்ந்ததைப் பார்ப்போம். 2017-ம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி தமிழ்நாடு சட்டசபை மெம்பர்கள் 18 பேர் சபாநாயகரால் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் செய்த காரியம் முதல் மந்திரியிடம் தங்களுக்கு நம்பிக்கையில்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தது. அதனால் கட்சியைத் தாங்களாகவே விட்டவர்களாகக் கருதப்பட்டார்கள். ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் பதவி நீக்கம் செல்லும் என்றார். சட்டத்தின் வார்த்தைகளை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. அந்த 18 பேரிடமும் நமக்கு விசேஷ அபிமானம் ஒன்றும் கிடையாது. நமது கேள்வி வேறு. 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் நடக்கும் வரையில், ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக, 18 தொகுதிகளின் ஜனங்களுக்குச் சபையில் வாய் இல்லை. இரண்டு வரவு செலவுத் திட்டங்கள் அவர்கள் சார்பில் ஒரு குரலும் இல்லாமலே வந்து போயின. கட்சித் தகராறு கட்சிக்குள்ளே நடந்தது. தண்டனை வோட்டர்களுக்கு விழுந்தது.

கட்சிகளின் உட்கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சபை கூடுவதற்கு முன் கட்சி மெம்பர்கள் தனியாகக் கூடிப் பேசி முடிவு செய்வது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கம். அதிலே யாதொரு பிழையுமில்லை. அந்த அறையிலாவது சண்டையிட்டு, வாதாடி, தோற்று, பிறகு வெளியே வந்து ஒரே குரலில் பேசினால் அதற்கு ஒரு கௌரவம் உண்டு. நம்முடைய உட்கூட்டங்கள் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தலைவர் வருகிறார், பேசுகிறார், மெம்பர்கள் கைதட்டுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், படம் பிடித்துக்கொள்கிறார்கள். முடிவு அதற்கு முன்பே வேறோர் அறையில் ஆகியிருக்கிறது.

அப்படியானால் மெம்பர் தம் மனச்சாட்சியோடு பேசக்கூடிய இடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதுதான் கமிட்டி அறை. நம் வாசகர்களில் அநேகர் இதைக் கவனிப்பதில்லை. சபையிலே கூச்சல் நடந்தால் பத்திரிகையில் நான்கு பத்தி வருகிறது. கமிட்டியிலே வேலை நடந்தால் நான்கு வரியும் வருவதில்லை. இந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

கமிட்டிகளின் பூர்வ சரித்திரம் ரசமானது. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் பயனாக 1921-ல் மத்திய சட்டசபைக்குப் பொதுக் கணக்குக் கமிட்டி ஏற்பட்டது. அதற்கு அக்கிராசனர் யார் தெரியுமா? சர்க்காரின் நிதி மெம்பர்! கணக்குக் கொடுக்க வேண்டியவரே கணக்குப் பார்க்கும் சபைக்குத் தலைமை வகித்தார். அந்நிய ஆட்சியின் நீதி அது. 1950-க்குப் பிறகுதான் அக்கமிட்டி சபாநாயகரின் மேற்பார்வைக்கு வந்தது. மந்திரிகள் அதில் மெம்பராக இருக்கக்கூடாது என்றாயிற்று. 1967-லிருந்து எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவர் அதற்குத் தலைவராவது சம்பிரதாயம். அந்த வருஷம் முதன் முதலாக அவ்வாறு வந்தவர் மினூ மசானி. லோக் சபையிலிருந்து 15 பேரும் ராஜ்ய சபையிலிருந்து 7 பேரும் ஆக 22 பேர் அதில் இருக்கிறார்கள்.

இலாகாவாரியான நிலைக் கமிட்டிகள் 1993-ல் 17 ஏற்பட்டன; 2004-ல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 மெம்பர்கள். லோக் சபையார் 21, ராஜ்ய சபையார் 10. இலாகாக்களின் மானியக் கோரிக்கைகளையும், தங்களிடம் அனுப்பப்படும் மசோதாக்களையும் இவர்கள் பரிசீலிக்கிறார்கள். காரியதரிசிகளை வரவழைத்துக் கேள்வி கேட்கலாம். தஸ்தாவேஜுகளைக் கேட்டு வாங்கலாம். தொழிற் சங்கத்தாரையும் வர்த்தக சபையாரையும் சாட்சியாக அழைக்கலாம். இங்கே கொறடா கிடையாது. கூட்டம் மூடிய கதவுக்குள் நடப்பதால் மேடைப் பேச்சுக்கு அவசியமில்லை. கேட்டுக் கைதட்ட ஆளில்லாத இடத்தில் மனிதன் சிறிது யோசித்துப் பேசுகிறான். ஒப்புக்கொள்ளாதவர் தம் மாறுபட்ட அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்தால் அது அறிக்கையோடு சேர்த்து அச்சாகும். ஒரு சாதாரண மெம்பருக்கு இன்று மிஞ்சியிருக்கும் சுதந்திரம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்தக் கமிட்டியில் நமக்குப் பிரதிநிதி யார்? தமிழ்நாட்டிலிருந்து லோக் சபைக்கு 39 பேர், ராஜ்ய சபைக்கு 18 பேர், ஆக 57 பேர். இவர்களை 24 கமிட்டிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு மூன்று பேர் வரலாம். சில கமிட்டிகளில் ஒருவரும் இல்லாமலும் போகலாம். எந்தக் கமிட்டிக்கு யார் என்பதைக் கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்றபடி பெயர் கொடுத்து முடிவு செய்கின்றன. ஆகவே நம் விவசாயி வோட்டுப் போட்ட மெம்பர் எரிசக்திக் கமிட்டியில் இல்லையென்றால், அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரிஸ்ஸாக்காரரோ அஸ்ஸாம்காரரோ அந்தக் காரியத்தில் அவருக்குப் பிரதிநிதி. அவருக்கும் கடிதம் எழுதலாம்; எழுத வேண்டும். இதை நாம் அந்தப் பெரியவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இவ்வளவு உபயோகமான ஸ்தாபனத்தை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வருத்தமாயிருக்கிறது. 2009 முதல் 2014 வரையிலிருந்த 15-வது லோக் சபையில் மசோதாக்களில் பத்துக்கு ஏழு கமிட்டிகளுக்குப் போயின. அடுத்த லோக் சபையில் அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. 2019 முதல் 2024 வரையிலிருந்த 17-வது லோக் சபையில் ஆறில் ஒன்று. மசோதாவைக் கமிட்டிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று விதி இல்லை. சர்க்காருக்கு அவசரம் என்றால் கமிட்டி அறைக்குப் பூட்டு. 2020 செப்டம்பரில் மூன்று விவசாய மசோதாக்களும் எந்தக் கமிட்டியையும் பார்க்காமலே நிறைவேறின. ராஜ்ய சபையில் அவற்றில் இரண்டுக்கு 20-ந் தேதி பெருங் கூச்சலுக்கிடையே குரல் வோட்டு. கமிட்டி அறையில் கேட்டிருக்க வேண்டிய விவசாயிகளின் சாட்சியத்தை டில்லி எல்லையிலே ஒரு வருஷத்துக்கும் மேலாக வெயிலிலும் பனியிலும் கேட்க நேர்ந்தது. 2021 நவம்பர் 29-ந் தேதி அந்தச் சட்டங்களை ரத்துச் செய்த மசோதாவும் விவாதமின்றியே நிறைவேறிற்று. வந்ததும் பேச்சில்லாமல், போனதும் பேச்சில்லாமல்!

கிரிமினல் சட்டங்களின் கதை தொழில் முறையிலே நம் மனத்தை அதிகமாகச் சுடுகிறது. மெக்காலேயின் கமிஷன் இந்திய தண்டனைச் சட்டத்தின் நகலை 1837-ல் தயாரித்தது. அது சட்டமானது 1860-ல். இருபத்துமூன்று வருஷம் நீதிபதிகளும் சட்ட நிபுணர்களும் அதை அடித்துத் திருத்தினார்கள். அந்நிய சர்க்கார் எடுத்துக்கொண்ட நிதானம் இது. அதற்குப் பதிலாக வந்த மசோதா, மற்ற இரண்டு மசோதாக்களோடு 2023 ஆகஸ்டு 11-ந் தேதி பிரேரேபிக்கப்பட்டது. உள்நாட்டு இலாகாக் கமிட்டிக்குப் போயிற்று என்பது வாஸ்தவம். அதற்காக நன்றி சொல்வோம். நவம்பரில் அறிக்கை வந்தது. ஹிந்திப் பெயர்களை ஆட்சேபித்தும், அவசரத்தை ஆட்சேபித்தும் தமிழ்நாட்டு மெம்பர்கள் உள்ளிட்ட சிலர் மாறுபட்ட அபிப்பிராயம் எழுதினார்கள். டிசம்பரில், இரு சபைகளிலும் 146 மெம்பர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டிருந்த நிலையில், மூன்றும் நிறைவேறிவிட்டன. ஆகஸ்டு 11-க்கும் டிசம்பர் 21-க்கும் இடையே நான்கு மாதம் பத்து நாள். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து தேசம் முழுவதும் இந்தச் சட்டப்படியே ஆட்களைப் பிடிக்கிறார்கள், விடுகிறார்கள்.

டில்லியைக் குறை கூறிவிட்டு நம் வீட்டைப் பாராமலிருப்பது அழகன்று. 234 மெம்பர்கள் கொண்ட நமது சட்டசபையிலே பொதுக் கணக்குக் குழு உண்டு, மதிப்பீட்டுக் குழு உண்டு, உறுதிமொழிக் குழு உண்டு, மனுக்கள் குழு உண்டு. ஆனால் மசோதாவையும் மானியத்தையும் இலாகாவாரியாக உட்கார்ந்து பரிசீலிக்கும் நிலைக் கமிட்டிகள் இல்லை. பக்கத்திலிருக்கும் கேரளத்தில் 1980-லிருந்து அத்தகைய கமிட்டிகள் இருந்துவருகின்றன. இதன் பலன் என்ன? 2023 ஏப்ரல் 21-ந் தேதி, தொழிற்சாலைகளில் தினசரி வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரையில் நீட்டிக்க இடங் கொடுக்கும் திருத்த மசோதா நம் சபையில் குரல் வோட்டில் நிறைவேறிற்று. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாட்களுக்குள் முதல் மந்திரி அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். மே தினத்தன்று வாபஸ் பெறுவதாகச் சொன்னார். வாபஸ் பெற்றது நல்ல காரியமே. தவறை ஒப்புக்கொள்ளும் மந்திரி சபைகள் அபூர்வம். ஆனால் தொழிற் சங்கத்தாரைக் கமிட்டி ஒன்று முன்னதாக அழைத்து இரண்டு நாள் விசாரித்திருந்தால் அந்த மசோதா சபை வாசற்படியை மிதித்திருக்காது. தொழிலாளர் நிறைந்த தொகுதிகளிலிருந்து வந்த ஆளுங்கட்சி மெம்பர்கள் 21-ந் தேதி யாருக்குப் பிரதிநிதிகளாயிருந்தார்கள் என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

கமிட்டி என்றதும் அது தேவசபை என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்களின் விவாக வயதை 21 ஆக உயர்த்தும் மசோதா 2021 டிசம்பரில் ஒரு கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. 31 பேரில் பெண் மெம்பர் ஒருவர்! முப்பது ஆடவர்கள் கூடிப் பெண்களின் விவாக வயதைத் தீர்மானிப்பதாயிருந்தது. 2011 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் விஷயமாகப் பொதுக் கணக்குக் கமிட்டியின் தலைவர் முரளி மனோகர் ஜோஷி தயாரித்த நகல் அறிக்கையை அப்போதைய ஆளுங்கட்சி அணியார் மற்றும் சிலரைச் சேர்த்துக்கொண்டு 11 வோட்டுகளால் தள்ளினார்கள். வக்ஃப் மசோதாவைப் பரிசீலித்த கூட்டுக் கமிட்டியில் 2025 ஜனவரியில் ஆளும் அணியார் கொடுத்த 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. எதிர் அணியார் கொடுத்தவை யாவும் தோற்றன. அங்கே ஒரு கட்சி, இங்கே வேறு கட்சி, நடந்தது ஒன்றே. கொறடா உள்ளே வரக்கூடாது என்று விதி சொல்லலாம். மறு வருஷம் கமிட்டியில் இடமுண்டா, அடுத்த தேர்தலில் டிக்கட்டு உண்டா என்ற கவலை உள்ளே வருவதை எந்த விதி தடுக்கும்? இங்கிலாந்திலே 2010-லிருந்து இலாகாக் கமிட்டிகளின் தலைவர்களைப் பெரும்பாலும் காமன்ஸ் சபை முழுவதும் இரகசிய வோட்டில் தேர்ந்தெடுக்கிறது. கட்சித் தலைவரின் தயவால் வராத தலைவர் மந்திரியைக் கேள்வி கேட்க அஞ்சுவதில்லை. நாம் அவர்களிடமிருந்து நரி வேட்டைச் சவுக்கை வாங்கிக்கொண்டோம். இதையும் வாங்கிக்கொண்டால் என்ன?

இன்னொரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மசோதாக்களைப் பற்றிப் பொது ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கமிட்டிகள் விளம்பரம் செய்து கேட்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் மனுவை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ அனுப்ப வேண்டும் என்று அந்த விளம்பரங்களில் வழக்கமாகக் கண்டிருக்கும். கெடுவும் பெரும்பாலும் பதினைந்து நாள் அளவே. மன்னார்குடி விவசாயியும், சிவகாசித் தொழிலாளியும், நாகப்பட்டினத்து மீனவரும் பதினைந்து நாட்களுக்குள் மசோதாவை வாங்கிப் படித்து ஆங்கிலத்தில் மனு எழுதி அனுப்ப வேண்டுமாம்! சபையிலே மெம்பர் தமிழில் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மெம்பரை அனுப்பிய பிரஜை தமிழில் எழுதினால் மொழிபெயர்க்க ஆளில்லையா? எட்டாவது அட்டவணையில் 22 பாஷைகளை எழுதி வைத்தது அலங்காரத்துக்கா?

வாசகர்களில் அரசியல் வேலை செய்கிறவர்கள் அநேகர். அவர்களுக்கு நமது யோசனை இது. உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கமிட்டியில் இருக்கிறார் என்று கேளுங்கள். அதற்கு எத்தனை முறை போனார், மாறுபட்ட அபிப்பிராயம் எப்போதாவது எழுதினாரா என்று கேளுங்கள். 31 பேரில் 11 பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பது விதி. அந்தப் பதினொருவரில் அவர் ஒருவரா? அறிக்கைகள் அச்சாகின்றன, கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது அவற்றிலேயே இருக்கும், படித்துப் பாருங்கள். சட்டசபைக்கு வரும் அபேட்சகர்களிடம், இலாகாவாரிக் கமிட்டிகள் வேண்டுமென்று உங்கள் கட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்பீரா என்று, மாலை போடுவதற்கு முன் கேளுங்கள். 1774-ல் பிரிஸ்டல் நகரத்து வோட்டர்களிடம் எட்மண்ட் பர்க், உங்கள் கட்டளைக்கல்ல, என் விவேகத்துக்கே நான் கட்டுப்பட்டவன் என்ற பொருள்படப் பேசினார். 1780-ல் தோல்வி நிச்சயம் என்று கண்டு அந்தத் தொகுதியிலிருந்து விலகிக்கொண்டார். வோட்டருக்கும் மெம்பருக்கும் நடந்த நேரான வழக்கு அது. நடுவில் கட்சிக் காரியாலயம் என்ற மூன்றாவது கட்சிக்காரர் இல்லை.

அந்தப் பெரியவரின் மனுவை நாமே ஆங்கிலத்தில் எழுதி எரிசக்திக் கமிட்டிக்கு அனுப்பினோம். மசோதா சட்டமாகாமலே 2024-ல் அந்த லோக் சபையோடு காலாவதியாயிற்று. தம்முடைய மனுவினால்தான் அப்படியாயிற்று என்று அவர் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி, நாம் மறுக்கவில்லை. ரிஜிஸ்தர் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இன்னொரு மசோதா வந்தால் இம்முறை தமிழிலேயே எழுதி அனுப்பப் போவதாகவும், திருப்பி அனுப்பினால் நம்மிடம் கொண்டுவரப் போவதாகவும் போன மாதம் சொல்லிவிட்டுப் போனார்.